காகிதத்தில் இருந்த வேகத்தடை

அவர் எங்கே உட்கார்ந்தாலும் வலது காலுக்கு அடியில் ஒரு பிரேக் இருந்தது. ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் இருப்பார். ஆட்டோக்காரர் முன்னால் போகிற டிராக்டரை முந்தப் பார்ப்பார். இவர் கால் தகரத்தை ஓங்கி மிதிக்கும். ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் பூசைக்கு அவரும் அவர் சம்சாரமும் என்னையும் கூட்டிப்போனார்கள். சாமியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடிக்கிற ஆசையில் வேகமெடுத்தார். பெஞ்சுக்கு அடியில் ஒரு பாதம் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் கடையில் நான் கீபோர்டைப் படபடவென்று தட்டினால் அதற்கும் ஒரு மிதி விழும்.

“அண்ணா, இங்க பஸ்ஸு ஓடலைங்க. கம்ப்யூட்டர்தான் ஓடுது” என்பேன்.

“எது ஓடுனாலும் ரெண்டாவது கியர்ல ஓட்டு பாப்பா” என்பார்.

பாப்பா! எனக்கு அப்போதே நாற்பது தாண்டிவிட்டது. பெரியவன் காலேஜில், சின்னவள் பத்தாவதில். தெருவில் எல்லோருக்கும் நான் ஜெராக்ஸ்காரம்மா. கோபம் வந்த நாட்களில் அதற்கு முன்னால் வேறு ஏதாவது சேர்த்துக்கொள்வார்கள் என்றும் கேள்வி. இவர் ஒருவருக்கு மட்டும் பாப்பா. கடையில் அவர் உட்காருகிற ஸ்டூலுக்கு முன்னால் இருக்கிற டைல்ஸ் ஒன்று மட்டும் பளபளப்பு போய் மங்கிக் கிடக்கிறது. மாற்றிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை.

டிரைவரண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். கவர்மெண்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்குகிற மலைப்பாதையில் பாதி ஆயுசைக் கழித்தவர். அந்த இறக்கத்தில் பிரேக்கை நம்புகிறவன் டிரைவரே இல்லை, இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினையே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட வேண்டும் என்பார். அப்புறம் ஏன் போகிற இடமெல்லாம் பிரேக்கை மிதிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“மத்தவங்க ஓட்டறப்ப வேற என்னா பண்றது?” என்றார்.

அவர் சர்வீசில் ஒரே ஒரு முறைதான் பிரேக்கை முழுசாக மிதித்தாராம். வளைவில் ஒரு குரங்கு, வயிற்றில் குட்டியோடு, நடு ரோட்டில் உட்கார்ந்து எதையோ உரித்துத் தின்றுகொண்டிருந்தது. பஸ் நின்ற நிற்பில் பின்னால் யாரோ வைத்திருந்த மீன் கூடை முன்னால் வந்து கண்டக்டர் மடியில் கவிழ்ந்துவிட்டது. கண்டக்டர் அன்றைக்குத் திட்டிய திட்டை அப்படியே சொல்லிக் காட்டுவார். “குரங்குக்குத் தெரியுமா நான் வர்றது? எனக்குத்தான் தெரியும், அது அங்க இருக்குதுன்னு. அப்ப நிக்க வேண்டியது யாரு?” என்று முடிப்பார். இதை நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். வேறு யாராவது ஒரே கதையைப் பத்துத் தடவை சொன்னால் கடை ஷட்டரை இழுத்துவிடுவேன்.

அந்தக் காலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவர் சம்சாரத்துக்குக் காது கேட்காது. முப்பது வயசில் விஷக் காய்ச்சல் வந்து போய்விட்டதாம். பேச்சு வரும், படிக்க வரும், எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றால் எப்படிக் கூப்பிடுவது? அண்ணன் கூடத்தில் நின்று வலது காலால் தரையைத் தட்டுவார், இரண்டு தட்டு. வீடு முழுக்கக் கடப்பாக்கல் பாவியது. அக்கா வெறுங்காலோடுதான் இருப்பார். உள்ளேயிருந்து உடனே தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் வரும்: “என்னாங்க?”

புதிதாகக் கல்யாணம் ஆனவள் மாதிரி அப்படி ஒரு “என்னாங்க”. நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். அண்ணனுக்குக் காதெல்லாம் சிவந்துவிடும்.

இனி தெருவைச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு மேலே பெரிய ரோட்டிலிருந்து கீழே மொரப்பூர் போகிற ரோட்டுக்கு இறங்குகிறது. ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நினைக்கிற எவனும் இந்தத் தெருவில்தான் விழுந்தடித்துக்கொண்டு போவான். முன்பு குண்டும் குழியுமாக இருந்தவரை பிழைத்தோம். நல்ல தார் போட்டார்கள், அன்றையிலிருந்து தெருவே எங்களுடையது இல்லாமல் போய்விட்டது.

அண்ணன் வீடு தெருவின் ஒரு பக்கம். அவர்களுடைய மாட்டுக் கொட்டகை எதிர்ப்பக்கம், என் கடையை ஒட்டி. ஒரே ஒரு சிந்து மாடு, அக்காவின் உயிர். தண்ணி காட்ட, சோளத்தட்டு போட, சாணி அள்ள, பால் கறக்க என்று நாளைக்குப் பதினைந்து முறை அக்கா ரோட்டைத் தாண்டுவார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துத்தான் தாண்டுவார். ஆனால் மேலே வளைவிலிருந்து இறங்குகிற வண்டி கண்ணுக்குத் தெரியும்போது மிக அருகில் இருக்கும். நமக்குச் சத்தம் முன்னாலேயே வந்துவிடும், நின்றுவிடுவோம். அக்காவுக்கு அது இல்லை.

அதனால் அண்ணன் வாசலில் நிற்பார். அக்கா தாண்டுகிற ஒவ்வொரு முறையும் ரோட்டோரத்தில் நின்று, வலது காலை அழுத்தி, மேலே பார்த்தபடி. நான் கடையிலிருந்து பார்ப்பேன். அக்கா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கால் தளரும்.

மாட்டை விற்றுவிடுங்கள் என்று தெருவே புத்தி சொன்னது. நானும் சொன்னேன், எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“மாட்டை வித்தா அவ குந்தின எடத்துலயே குந்தியிருப்பா” என்றார் அண்ணன். “காது போன வருஷம் அப்பிடித்தான் குந்தியிருந்தா. இந்த மாட்டோட ஆயா வந்துதான் அவளை எழுப்பி நடக்க வெச்சுது. நடக்கறவளை நிறுத்தறதா? ஓடறவனை நிறுத்தலாம். பிரேக்கர் ஒண்ணு கேட்டு மனு எழுது பாப்பா.”

இங்கேதான் என் லட்சணம் வெளியே வரப் போகிறது. அன்று திங்கட்கிழமை காலை. கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாள் என்பதால் என் கடையில் கூட்டம் அள்ளும். பட்டா, முதியோர் பென்ஷன், குடிநீர், எல்லாவற்றுக்கும் என் கம்ப்யூட்டரில் பழைய மனுக்கள் தயாராக இருக்கும். பேரையும் தெருவையும் மாற்றினால் புது மனு. வேகத்தடைக்கும் ஒன்று இருந்தது. போன வருஷம் இன்னொரு ஊர்க்காரர்கள் கொண்டுவந்தது. அங்கே மேடு ரொம்ப உயரமாகப் போட்டுவிட்டதால் தக்காளி வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் பெட்டி சரிந்து தக்காளி ரோட்டில் கொட்டுகிறது என்று எழுதியிருந்தார்கள். தக்காளியை எடுத்தேன், ரயிலுக்குப் போகிற வண்டிகளைப் போட்டேன், ஊரை மாற்றினேன், பேரை மாற்றினேன். பிரிண்ட் கொடுத்தேன். எல்லாம் ஐந்தே நிமிஷம். ஸ்டூலுக்கு முன்னால் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

அண்ணன் கண்ணாடி இல்லாமல் வந்திருந்தார். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அதை வீடு வீடாகக் கொண்டுபோனார். தெருவே போட்டது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், கல்யாணப் பத்திரிகையில்கூடப் பிழை பிடித்து அனுப்புகிறவர், அவரும் போட்டார். ஒருத்தரும் படிக்கவில்லை.

மாதக் கணக்கில் பதிலே வரவில்லை. அண்ணன் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். நடுவில் ஒரு காலை, அவருக்குக் காய்ச்சல், படுத்திருந்தார். அக்கா பால் தூக்கோடு கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். நான் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பைக் சத்தம் எனக்குக் கேட்டது. “அக்கா!” என்று கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்துகிறேன் பாருங்கள்! பைக்காரன் கடைசி நொடியில் ஒடித்துவிட்டான்; ஹேண்டில் மட்டும் தூக்கில் பட்டது. அக்கா விழுந்தார். ரோடு முழுக்கப் பால்.

வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு பிரித்த பிறகும் கை முழுசாக நேராகவில்லை. விழுந்த அன்றைக்கே அண்ணன் காய்ச்சலோடு எழுந்து வந்து ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கால் மண்ணை அழுத்தி அழுத்திக் குழி விழுந்துவிட்டது. “ஒரு நாளு படுத்தேன் பாப்பா. ஒரே ஒரு நாளு” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் கையில் கட்டு இருக்கும்போதே பதில் வந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அண்ணன் கவரைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, “படி” என்றார். படித்தேன்.

“மனுதாரர் கோரியபடி மேற்படி தெருவில் இருந்த வேகத்தடை முற்றிலும் அகற்றப்பட்டது. எனவே இம்மனு முடிவு செய்யப்பட்டது.”

விழுந்து விழுந்து சிரித்தேன். “கேட்டீங்களாண்ணா? இல்லாத மேட்டை எடுத்துட்டாங்களாம்! கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கறாங்க! மனுல என்னா எழுதியிருக்குதுன்னுகூடப் படிக்கறதில்ல!” என்று வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டே, நிரூபிப்பதற்காக என் பழைய ஃபைலைத் திறந்தேன்.

கடைசி வரியில் இருந்தது: “வேகத்தடையை உடனடியாக அகற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

தக்காளியை எடுத்தவள் ‘அகற்றி’யை எடுக்கவில்லை. ‘அமைத்து’ என்று போட்டிருக்க வேண்டிய இடம். ஒரே ஒரு சொல். ஸ்கிரீனை அண்ணன் பக்கம் திருப்பினேன். அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவந்திருந்தார். மெல்ல, எழுத்து எழுத்தாகப் படித்தார். அவர் கால் அசையவே இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அக்காவின் கை என் கண் முன்னாலேயே நின்றது.

“அவங்க இல்லாததை எடுத்தாங்கன்னா, நாம இல்லாததை எடுக்கச் சொன்னோம்” என்றார் கடைசியில். “சரியாப் போச்சு போ.”

“அண்ணா, என்னாலதாங்க...”

“அழாத. கடையில ஆளு வருது. இதை யாருகிட்டயும் சொல்லிக்காத, தெரிஞ்சுதா? தெருவே கையெழுத்து போட்டிருக்குது. அத்தினி பேருக்கும் வெக்கமாப் போயிரும்.”

ஹெட்மாஸ்டரைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னார்? என்னைத்தான் காப்பாற்றினார். அது புரியாத அளவுக்கு நான் மட்டி இல்லை.

மூன்றாம் நாள் கடை திறக்கும்முன் வந்து நின்றார். முகத்தில் ஒரு குறும்பு.

“பாப்பா, இருந்துச்சுன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க இல்ல?”

“எது?”

“பிரேக்கரு. ‘தெருவில் இருந்த’ன்னு போட்டு, சீல் வெச்சு, கையெழுத்தும் போட்டிருக்காங்க. இருந்ததை எடுத்துட்டாங்க. சரி. எடுத்ததைத் திருப்பி வைங்கன்னு கேட்டா?”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஆபீசில் அண்ணன் போய் விசாரித்தபோது அங்கிருந்த ஒரு கிளார்க்கே சொன்னாராம்: புதுசாகப் போடுவதென்றால் போலீஸ் கருத்து, கமிட்டி, அனுமதி என்று வருஷம் ஓடும், ஏற்கெனவே இருந்ததை மறுபடி போடுவது பராமரிப்பு, அதற்கு இன்ஜினியர் கையெழுத்தே போதும் என்று. அன்றைக்கு நான் மனு எழுதிய வேகத்தைப் பார்த்திருந்தால் நத்தைக்கும் பொறுமை போயிருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் அண்ணன் விரலை வைத்து நகர்த்தினார். “தங்கள் கடிதத்தில் கண்டபடி அகற்றப்பட்ட வேகத்தடையை மீண்டும் அமைத்துத் தருமாறு.” ‘அமைத்து’ வந்ததும் விரல் நின்றது. இரண்டு முறை தட்டியது.

“இதுல பொய்யி எங்கயாச்சும் இருக்குதா பாப்பா? ஞாயித்துக்கெழமை சாமியார்கிட்ட போய்ச் சொல்ற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது.”

“பொய்யி அவங்களுது. தப்பு என்னுது. உங்களுது ஒண்ணுமே இல்லீங்கண்ணா” என்றேன்.

இந்த முறை சில வாரங்களிலேயே இன்ஜினியர் வந்தார். சின்ன வயசுப் பெண், ஸ்கூட்டியில் ஹெல்மெட்டோடு. ரோட்டை மேலும் கீழும் பார்த்தார். வழவழவென்று ஒரு கீறல்கூட இல்லாத ரோடு.

“எங்கங்க இருந்துச்சு?”

எங்கேயாவது கையைக் காட்டித் தொலையுங்களேன் அண்ணா என்று மனசு அடித்துக்கொண்டது.

“காகிதத்துல இருந்துச்சும்மா” என்றார் அவர்.

அந்தப் பெண் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், மறுபடி ரோட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அக்கா மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்து, இடது கையில் தண்ணி வாளியோடு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். பேச்சை அப்படியே விட்டுவிட்டு அண்ணன் ரோட்டோரத்துக்குப் போய்க் காலை ஊன்றினார். அக்கா தாண்டி முடித்ததும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசினார். இன்ஜினியர் பெண்ணுக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“காகிதத்துல இருந்தா போதுங்க சார்” என்றார். “எந்த எடத்துல வேணும்?”

அதற்குத்தான் காத்திருந்தவர் போல அண்ணன் உள்ளே ஓடி ஒரு பழைய டயர்த் துண்டை இழுத்துவந்தார். ரோட்டின் குறுக்கே போட்டார். அக்காவை வாசலுக்கு வரச் சொல்லி, சாக்கடைக்கு மேல் போட்டிருக்கிற கருங்கல் பலகையில், செருப்பில்லாமல் நிறுத்தினார். கேஸ் வண்டிக்காரரைக் கெஞ்சி, டயர் மேல் ஏற்றி இறக்கச் சொன்னார். வண்டியில் சிலிண்டர்கள் அதிர்ந்தன. அண்ணன் அக்காவைப் பார்த்து, தெரிந்ததா என்பதுபோலக் கையை விரித்தார். அக்கா இல்லை என்று தலையாட்டினார். டயரைக் கொஞ்சம் கிட்டே இழுத்தார். மறுபடி வண்டி. மறுபடி இல்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. அண்ணனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று இரண்டு பேர் என் காதிலேயே சொன்னார்கள்.

நாலாவது முறை வண்டி முன்சக்கரம் ஏறி இறங்கி, பின்சக்கரம் ஏறி இறங்கியது. அக்கா சட்டென்று நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ரெண்டு வாட்டி அதிருதுங்க!” என்று கத்தினார். “நீங்க கூப்பிடற மாதிரியே!”

அண்ணன் சாக்பீஸ் எடுத்துவந்து அந்த இடத்தில் கோடு போட்டார். இன்ஜினியர் பெண் தன் நோட்டில் அளவைக் குறித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேடு போட வந்த ஆட்களுக்கு அக்கா ஒற்றைக் கையால் தயிர்ச்சோறு பிசைந்து கொடுத்தார். சாப்பிட்டுக் கை கழுவிய மேஸ்திரி, “கலவை மிச்சம் இருக்குதுங்க, என்னா பண்றது?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். வளைவுப் பக்கம் இன்னொன்றும் முளைத்தது. காகிதத்தில் ஒன்று, ரோட்டில் இரண்டு.

அதற்குப் பிறகு அண்ணன் வாசலில் நிற்பது குறைந்தது. அக்கா கொட்டகைக்குக் கிளம்பும்போது கருங்கல் பலகையில் ஒரு நொடி நிற்பார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருப்பார். கனமான வண்டி வந்தால் காலுக்குத் தெரிந்துவிடும். பைக்குகள் மேட்டைப் பார்த்துத் தாமாகவே அடங்கிவிடும். தெருவில் புழங்குகிற பைக்காரர்கள் திட்டத்தான் செய்தார்கள், இடுப்பு போகிறது என்று. “ரெண்டாவது கியர்ல வாங்க, இடுப்பு இருக்கும்” என்பார் அண்ணன். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிற அன்றைக்கே, ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்து இரண்டு மேட்டுக்கும் வெள்ளைக் கோடு போடுவார். மாட்டுக்குப் போட்ட மாலையில் கொஞ்சம் பிய்த்து மேட்டுக்கும் வைப்பார். கிறிஸ்தவர் வூட்டுப் பொங்கலைப் பாரு என்று கேலி செய்வோம்.

அவர் போய்விட்டார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த வண்டியில் பின்னால் படுத்திருந்தபோதும் அவர் கால் எதையாவது மிதித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அடக்கத்தன்று அமரர் ஊர்தி வீட்டிலிருந்து கிளம்பியது. பின்னால் வருகிற வேனில் ஏற்றுவதற்காக அக்காவை நான் பிடித்துக்கொண்டு கருங்கல் பலகையில் நின்றிருந்தேன். டிரைவர் மரியாதையாக, மெதுவாகத்தான் போனார். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. அக்கா என் கையை உதறிவிட்டு வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் வண்டியைப் பார்த்தார். அதுவரை அழாதவர் அப்போது அழுதார்.

போன மாசம் தெருவுக்கு மறுபடி தார் போட்டார்கள். ஒரே நாளில் இரண்டு மேடும் தாருக்கு அடியில் போய்விட்டன. ஆனால் ஒரு விஷயம். தெருக்காரர்கள் யாரும் வேகமாகப் போவதில்லை. அந்த இடம் வந்தால் கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கிறது. கேஸ் வண்டிக்காரர் இல்லாத மேட்டுக்கு இரண்டாவது கியர் போட்டு இறங்குகிறார். நானும் ஸ்கூட்டியில் அப்படித்தான் போகிறேன். வெளியூர் வண்டிகள் மட்டும் பழையபடி பறக்கின்றன.

நேற்று மத்தியானம் அக்கா கடைக்கு வந்தார். கையில் அண்ணனின் பழைய ஃபைல். ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே, “பிரேக்கர் போடச் சொல்லி எழுதும்மா” என்றார், வழக்கம்போலச் சத்தமாக.

அவருக்கு இப்போது ரோட்டைத் தாண்டுகிற வேலையே கிடையாது. மாட்டை அண்ணன் போன கையோடு தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். “மாடுதான் இல்லையேக்கா. இனி எதுக்கு?” என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். எனக்கு யோசித்துப் பேசுகிற பழக்கம் எப்போதுதான் இருந்தது?

“கேஸ் வண்டி, பால் வண்டி போறப்ப வாசக்கல்லுல ரெண்டு வாட்டி அதிரும்” என்றார். “காலைல ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா அங்க போயி நின்னுக்குவேன். ரோடு போட்டதுல இருந்து யாருமே கூப்பிடறதில்ல. வூட்ல இருக்கவே முடியல.”

நான் தட்டத் தொடங்கினேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது, முகத்தைத் துடைத்துத் துடைத்து அடித்தேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் அக்கா கவுண்டர் மேல் காகிதத்தை விரித்து, நேராகாத அந்தக் கையால், ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் விரலை நகர்த்திக்கொண்டே போனார். அண்ணனின் அதே விரல் நடை. கடைசி வரியில் நின்றது.

“அமைத்து” என்று வாய்விட்டுப் படித்தார். “இந்த வாட்டி சரியாப் போட்டிருக்கே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அக்கா! உங்களுக்குத் தெரியுமா?”

“லெட்டர் வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. பாப்பாவைப் பாத்தா மொகத்துல காட்டிக்காத, அது பயந்துக்கும்னாரு.” என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “அட, விடு. நீ சரியா எழுதியிருந்தா மட்டும் அதுக்குள்ள வந்து போட்டிருப்பாங்களா என்னா?”

இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டே, அந்தக் கையாலேயே எனக்குச் சீம்பால் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். அக்கா காகிதத்தை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். படியில் கால் வைக்கும்போதுதான் கவனித்தேன், கையெழுத்துப் போடவில்லை. “அக்கா” என்று கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். கவுண்டரைச் சுற்றி வந்து, ஸ்டூலுக்கு முன்னால் மங்கிக் கிடக்கிற அந்த டைல்ஸ் மேல் வலது காலை ஓங்கித் தட்டினேன். இரண்டு தட்டு.

“என்னாங்க?” என்று அக்கா திரும்பினார்.